கழுகுக்கு மூக்கா, கண்ணா?

புக்கிட்தீமா பாண்டியன்:
2021 டிசம்பரில் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, வந்த கழுகுகள் பிணவாடையை மோப்பம் பிடித்து வந்தவை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. வந்தவை ஐந்து இமயமலைக் கழுகுகளும் ஒரு சினேரியஸ் கழுகும். சினேரியஸ் இனம் அதற்கு முன் சிங்கப்பூரில் பதிவானதே இல்லை. குளிர்காலத்தில் தெற்கே இறங்கும் இளம் பறவைகள் வழி தவறி இதுவரை வந்துவிடுவதுண்டு. அன்று கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று பார்த்தவன் நான். கிளையில் உட்கார்ந்திருந்த ஒன்று இறக்கையைப் பாதி விரித்துத் தொங்கப் போட்டிருந்தது. அவ்வளவு களைப்பு. கழுகு இரையைத் தேடுவது கண்ணால். மூக்கால் அல்ல.

செங்காங் செல்வி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். மூன்று வருடம் டெக்சஸில் இருந்தேன், வீட்டுக்குப் பின்னால் தினமும் டர்க்கி வல்ச்சர் என்ற அமெரிக்கக் கழுகு. காலையில் வேலி மேல் வரிசையாக உட்கார்ந்து வெயிலில் இறக்கையைக் காய வைக்கும். பறக்கும்போது இறக்கையை வி போலத் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே மரங்களுக்குச் சற்று மேலே போகும். அது வாடையைத் தேடுகிற பறத்தல். அதன் மூக்குத் துளைகளுக்கு நடுவே தடுப்பே கிடையாது, பக்கவாட்டில் பார்த்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும். 1930களில் கலிபோர்னியாவில் எரிவாயுக் குழாய் கசிந்த இடங்களில் இவை கூட்டமாக வட்டமிட்டதைக் குழாய்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கசிவு தெரியட்டும் என்று வாயுவில் கலக்கும் மெர்காப்டன், அழுகும் உடலிலிருந்தும் வரும் வாடைதான். மூக்கு இல்லாமலா அந்தக் குழாய்க்கு வந்தது?

புக்கிட்தீமா பாண்டியன்:
அது அமெரிக்கக் கழுகு. பேச்சு நம் பக்கத்துக் கழுகைப் பற்றி. பறவை ஓவியர் ஆடுபான் 1820களிலேயே சோதித்துப் பார்த்தார். மறைத்து வைத்த பிணத்தைத் தேடி ஒரு கழுகும் வரவில்லை. கண்.

செங்காங் செல்வி:
ஆடுபான் வைத்தது முற்றிலும் அழுகிப்போன உடல். டர்க்கி வல்ச்சர் அவ்வளவு கெட்டதை விரும்பாது, ஓரிரண்டு நாள் ஆனதுதான் அதற்குப் பிடிக்கும். 1960களில் பறவை ஆய்வாளர் ஸ்டேகர் மறுபடி சோதித்து, அதற்கு மூக்கு வேலை செய்கிறது என்று காட்டிவிட்டார். இதையும் கொஞ்சம் படியுங்கள், அண்ணே.

திருக்கழுக்குன்றத்தான்:
இரண்டு பேரும் எங்கள் ஊரை மறந்துவிட்டீர்கள். மலைக்கோயிலில் முன்பெல்லாம் தினமும் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். சின்ன வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை உடம்பு, பாறை மேல் கோழி மாதிரி நடந்து வரும். நெய் வாடை இல்லாமல் எப்படி வந்திருக்கும்?

புக்கிட்தீமா பாண்டியன்:
பழக்கத்தால் வந்திருக்கும். உச்சிவேளை ஆனதும் தட்டோடு ஒருவர் பாறைக்கு வருவதை மேலிருந்து பார்த்திருக்கும். கண்.

திருக்கழுக்குன்றத்தான்:
நீங்கள் அந்த மலை ஏறியதுண்டா? நான் நூறு முறை ஏறியிருக்கிறேன்.

தமிழ்வாத்தியார்:
முதலில் கழுகு என்று எழுதுவதை நிறுத்துங்கள். சங்கப் பாட்டிலேயே பாறு, எருவை என்று சொல் இருக்கிறது. கரையோரம் மீன் பிடிக்கும் வெள்ளை வயிற்றுப் பறவையையும் கழுகு என்கிறீர்கள், பிணம் தின்பதையும் கழுகு என்கிறீர்கள். இந்தக் குழப்பத்தில் பிள்ளைகள் எப்படித் தமிழ் படிப்பார்கள்?

செங்காங் செல்வி:
வாத்தியாரே, கோப்பிக்கடையில் போய்ப் பாறு என்று சொல்லிப் பாருங்கள், பார் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

தமிழ்வாத்தியார்:
போன வருடம் நீர்நாய் விவாதத்திலும் என்னை இப்படித்தான் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

புக்கிட்தீமா பாண்டியன்:
பெயர்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இமயமலைக் கழுகு எவ்வளவு உயரத்தில் பறக்கிறது, அங்கே எந்த வாடை எட்டும்? அதன் உறவான ரூப்பெல் கழுகு ஒன்று 1973இல் ஐவரி கோஸ்ட் மேலே சுமார் 11,300 மீட்டர் உயரத்தில் விமானத்தில் மோதியது. இவை வானத்தில் தள்ளித் தள்ளி வட்டமிடும். ஒன்று கீழே இறங்கினால் பக்கத்தில் இருப்பது பார்த்துவிடும், அதைப் பார்த்து அடுத்தது வரும். சங்கிலி மாதிரி. ஒரு மாடு செத்தால் கொஞ்ச நேரத்தில் முப்பது நாற்பது இறங்குவது இப்படித்தான். பதினெட்டு வருடமாகப் பைனாகுலரோடு அலைகிறவன் சொல்கிறேன்.

ஈசூன் யூசுப்:
மூக்கு, கண் என்று அடித்துக்கொள்கிறீர்களே, பறவையே போய்விட்டதே! மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004இல் தெரிந்தது. அந்த மருந்து உள்ள மாட்டைத் தின்றால் கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. 2006இல்தான் மாட்டுக்குக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். திருக்கழுக்குன்றத்திலும் 1998க்குப் பிறகு வருவதில்லை. நாம் பேச வேண்டியது இதைத்தானே?

புக்கிட்தீமா பாண்டியன்:
பேச வேண்டியதுதான். ஆனால் மாட்டைக் கண்டதும் கண்ணால்தான்.

செங்காங் செல்வி:
யூசுப் சொல்வது நெஞ்சில் குத்துகிறது. ஆனால் அமெரிக்கப் பறவை என்றதும் ஒதுக்குகிறாரே, அதை விட முடியாது. கனடாவின் தெற்கிலிருந்து தென்னமெரிக்காவின் கடைசி முனை வரை இருக்கும் பறவை அது. குரல் எழுப்பும் உறுப்பு இல்லை, சீறத்தான் தெரியும். பயந்தால் வாந்தி எடுத்து விரட்டும். வெயில் ஏறினால் தன் கால்களிலேயே எச்சமிட்டுக் குளிர்வித்துக்கொள்ளும். கூடு கட்டாது, குகையிலோ மரப்பொந்திலோ தரையிலேயே இரண்டு முட்டை. அங்கேயே இருக்கும் கருங்கழுகுக்கு அந்த மூக்கு இல்லாததால் இதன் பின்னாலேயே போய் இரையைப் பிடுங்கித் தின்னும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புக்கிட்தீமா பாண்டியன்:
அப்படியானால் கருங்கழுகுக்கு மூக்கு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

திருக்கழுக்குன்றத்தான்:
நெய் வாடைக்கு இன்னும் பதில் வரவில்லை.

செங்காங் செல்வி:
எரிவாயுக் குழாய்க்கும் வரவில்லை. இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

புக்கிட்தீமா பாண்டியன்:
அது அமெரிக்கக் கழுகு.