கலைச்சொல்: ‘ஃபியூஜிட்டிவ் எமிஷன்’ – ‘கசிவு உமிழ்வு’ போதுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மலேசியாவின் பந்திங் வட்டாரத் தாமான் (குடியிருப்புப் பகுதி) மக்களுக்கும், உருக்காலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் தயாராகும் கையேட்டில் ‘ஃபியூஜிட்டிவ் எமிஷன்’ என்பதைக் ‘கசிவு உமிழ்வு’ என்று எழுதியிருக்கிறேன். புகைபோக்கி வழியாகப் போகாமல் கதவிடுக்கு, கூரை இடைவெளி வழியே வெளியேறும் புகையும் தூசியும் இதில் அடங்கும். மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.

---

அண்ணனுக்கு வணக்கம்.

நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் கோக் அடுப்புக்குக் ‘கசிவு’ பொருந்தும். கதவு விளிம்பில் தார் இறுகி, கதவு சரியாகப் படியாவிட்டால் அந்த இடுக்கில் மஞ்சள் புகை வரும். பென்சீனும் அதோடு வரும்.

பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் கதை வேறு. கூடையிலிருந்து இரும்பைக் கொட்ட, மூடியையே பக்கவாட்டில் சுழற்றித் திறக்கிறார்கள். மூடியில் மூன்று துளைகள் மின்முனைகளுக்கு, நான்காவது புகையை உறிஞ்சுவதற்கு. மூடி விலகிவிட்டால் அந்த நான்காவது துளையால் ஒரு பயனும் இல்லை. எண்ணெய் படிந்த தகரமும் துத்தநாகம் பூசிய கூரைத்தகடும் உலையில் மிச்சமிருக்கும் உருக்கில் விழுந்ததும் தீயும் புகையும் குபீரென்று எழும். உருக்கு 1600 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்க, துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதிப்பது. அந்த நேரத்தில் புகையைப் பிடிக்க, கொட்டகைக் கூரையடியில் கவிந்திருக்கும் உறிஞ்சுகூடு ஒன்றுதான் உண்டு. உறிஞ்சலை அந்தப் பக்கம் திருப்பும் டேம்பர் (குழாய்க்குள் இருக்கும் அடைப்புத் தகடு) தாமதமாகத் திறந்தாலும் போச்சு. பிற்பகல் கடற்காற்று கொட்டகைக்குள் புகுந்து புகைத்தூணைச் சாய்த்தாலும் போச்சு. கூரைத் திறப்பு வழியே செம்பழுப்புத் தூசி வெளியே வந்துவிடும்.

இதில் எங்கே கசிந்தது? ‘கசிவு’ என்று படித்தவர் ஓட்டையைத் தேடுவாரே தவிர டேம்பர் திறக்கும் நேரத்தைப் பார்க்க மாட்டார்.

அதற்குப் பதில் ‘பிடிபடா உமிழ்வு’ எனலாமா என்றால், சொல்லழகு உள்ளதுதான். ஆனால் துணிப்பை வடிகட்டி தூசியை நிறுத்துமே ஒழிய கரியமில வாயுவை நிறுத்தாது; புகைபோக்கியில் போகும் அந்த வாயுவும் பிடிபடாததுதானே! ‘புறவழி உமிழ்வு’ என்பதும் வேண்டாம், வடிகட்டியைத் தொடாமல் சுற்றிப் போகும் குழாய்க்கு அது தேவைப்படும்.

என் பரிந்துரை: ‘போக்கிசாரா உமிழ்வு’, அதாவது புகைபோக்கி வழியாகப் போகாத உமிழ்வு.

---

தம்பிகள் இருவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் 2014 தூய காற்று விதிமுறைகளைப் பற்றிய பகுதிக்குப் ‘போக்கிசாரா’ எனக்குச் சம்மதம். பசுமைக்குடில் வாயுப் பகுதிக்கு மட்டும் அது ஒத்துவராது. நிலக்கரிச் சுரங்கத்து மீத்தேனைக் காற்றோட்டக் குழி வழியாக வேண்டுமென்றே வெளியே தள்ளுகிறார்கள். எண்ணெய்க் கிணற்றில் கொளுத்திவிடும் வாயுவோ போக்கியின் உச்சியிலேயே எரிகிறது. ஐபிசிசி (ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழு) கணக்கில் இவை இரண்டும் ஃபியூஜிட்டிவ்தான்.

இதை ஒதுக்கவும் முடியாது. இரும்புத்தாதுவைக் கோக்கால் உருக்கும் ஊதுலை வழியில் ஒரு டன் உருக்குக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. கோக் நிலக்கரி தோண்டும்போது வரும் மீத்தேன் அதில் சேராது. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு சூடேற்றும். எரிபொருள் பயன்படுமுன்பே போய்விடுவதால், இந்தப் பகுதியில் ‘எரிபொருள் இழப்பு உமிழ்வு’ என்று தனியாக வைப்போம். ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்கினால் படிக்கிறவர்கள்தான் குழம்புவார்கள்.

---

அக்கா, தம்பி, இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘கசிவு’ இனிக் கோக் அடுப்புக் கதவுக்கும் குழாய் இணைப்புக்கும் மட்டும். சொல்லடைவில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன்: வடிகட்டியில் துணிப்பை கிழிந்து வரும் தூசி போக்கி உமிழ்வு, போக்கிசாரா உமிழ்வு அல்ல, பழுது பார்க்கும் இடமே வேறு.

கூடை கொட்டும்போது எழுவதற்குக் ‘கொட்டுபுகை’ என்று வைக்கலாமா?