முன்பின் தெரியாத இசையை நமக்குக் காட்டுவது யார்?

தாம்பரம்மெயில்:
ஹெட்ஃபோன் பற்றிய திரியில் ஒருவர், "ஆப்பே நமக்குப் பிடித்ததைத் தேடிக் கொடுக்கிறது, இனி வானொலியும் பாட்காஸ்டும் எதற்கு?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

எந்த இசைக் கம்பெனியோடும் சேராமல் தானே எழுதி, தானே பதிவு செய்து வெளியிடுகிறவரின் பாட்டு நம்மிடம் வந்து சேர நடுவில் ஒரு மனிதர் வேண்டும் என்பது என் கட்சி. "இதைக் கேளுங்கள்" என்று தன் பெயரை முன்வைத்துச் சொல்கிற மனிதர்.

அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் கேஇஎக்ஸ்பி வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேசிஎம்யூ என்ற பெயரில் மாணவர்கள் தொடங்கியது, 2001இல் இன்றைய பெயருக்கு மாறியது. நேயர்கள் அனுப்பும் பணம்தான் அதற்கு முதுகெலும்பு. என்ன பாட்டு போடுவது என்பதைத் தொகுப்பாளரே முடிவு செய்கிறார். ஒலிக்கிற பாட்டின் விவரம் உடனுக்குடன் இணையத்தில் வருகிறது, பல சமயம் அதன் கீழே தொகுப்பாளர் எழுதிய நாலு வரியோடு. 2010இல் அவர்கள் ஐஸ்லாந்துக்குப் போய் ரெய்க்யவிக்கில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென் குழுவைப் பதிவு செய்தார்கள். அப்போது அந்தக் குழு ஒரு ஆல்பம்கூட வெளியிட்டிருக்கவில்லை. ஊருக்கு வெளியே கேட்டவரே இல்லாத குழுவை, "இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்" என்று கணக்குப் போடும் இயந்திரம் எதை வைத்துக் காட்டும்?

பிட்ரேட்320:
அண்ணா, மரியாதையோடவே மறுக்கிறேன். நான் பொள்ளாச்சிக்காரன். சியாட்டில்ல காலை நிகழ்ச்சி ஓடுறப்ப இங்க ராத்திரி. முழிச்சிருந்து கேக்கறவங்க கேக்கலாம், எல்லாராலயும் முடியாது.

ஸ்பாட்டிஃபைல 2015லேர்ந்து டிஸ்கவர் வீக்லினு ஒரு பரிந்துரைப் பட்டியல் இருக்கு, இந்தியாவுக்கு அந்த ஆப் வந்தது 2019ல. ஒவ்வொரு திங்கக்கிழமையும் 30 பாட்டு. அதுல நான் கேள்விப்படாத ஆள் யாராவது கண்டிப்பா இருப்பாங்க. மரியா டகேயுச்சி 1984ல பாடின ஜப்பான் பாட்டு ஒண்ணு 2017க்கு அப்புறம் யூட்யூப் பரிந்துரைல உலகம் பூரா சுத்துச்சே, அதை எந்த ஆர்ஜே சொன்னாரு?

இங்க எஃப்எம் திருப்பினா சினிமாப் பாட்டுதான். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு 2018 ஜனவரில சென்னைல முதல் மேடை ஏறினாங்க. என்னை மாதிரி வெளியூர்ப் பசங்க அவங்களைப் பாத்தது போன்லதான். நீங்க சொல்ற அந்த மனிதர் எங்க ஊர் ரேடியோல கிடையாது. அப்ப நான் யாரை நம்புறது?

வல்வைக்காற்று:
தம்பி பிட்ரேட், உங்கட ஊரில் அப்படி ஆள் இல்லை எண்டுறது நியாயமான குறை. அதுக்காக ஆளே தேவையில்லை எண்டு சொல்லேலாது.

நான் லண்டனுக்கு வந்த நேரம் ஜோன் பீல் பிபிசி றேடியோ 1இல் இரவு நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1967இல் அந்த நிலையம் தொடங்கின காலத்தில் சேர்ந்தவர், 2004 ஒக்டோபரில் பெரு நாட்டில் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். அவருடைய செஷன்கள் எப்படி வந்தது எண்டது கனபேருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இசைக்கலைஞர் சங்கத்தோடயும் இசைத்தட்டுக் கம்பெனிகளோடயும் பிபிசி செய்த ஒப்பந்தப்படி ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு போடலாம். மிச்ச நேரத்துக்கு ஆக்களைக் கூப்பிட்டு ஸ்டூடியோவில் வாசிக்க வைக்கவேணும். பீல் அந்த நேரத்தைப் பேர் தெரியாத குழுக்களுக்குக் குடுத்தார். 4,000க்கு மேல் செஷன்கள் அப்படி நடந்தது.

1981இல் ஷெஃபீல்டில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஜார்விஸ் கொக்கர் பீலின் கையில் ஒரு கேசட்டைக் குடுத்தார். அந்த வருசமே கொக்கரின் பல்ப் குழு பிபிசியில் செஷன் செய்தது. அவையை நாடு முழுக்க அறிஞ்சது 90களின் நடுவில். பள்ளிக்கூடப் பெடியளின் கேசட்டில் ஏதோ இருக்கெண்டு ஒருத்தருக்குப் பட்டது, அதுக்கு ஒரு புள்ளிவிபரமும் அவருக்குத் தேவைப்படேல்லை. 1978இல் வட அயர்லாந்தின் டெரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழுவின் இசைத்தட்டை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து ரெண்டு தரம் போட்டார். அந்த நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் அமெரிக்காவின் சயர் இசைத்தட்டுக் கம்பெனி அவையைத் தேடி வந்தது. குண்டுவெடிப்பும் ராணுவச் சோதனைச் சாவடியுமாக இருந்த நகரத்துப் பெடியள். எனக்கு அந்தக் கதை எவ்வளவு நெருக்கம் எண்டு இங்க உள்ள எங்கட ஆக்களுக்கு விளங்கும்.

சுரபேதம்:
நான் பாட்டு எழுதிப் பதிவு செய்கிறவள். அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

வல்வை அண்ணா, பீல் ஒலிபரப்பியவர்களின் கதை நமக்குத் தெரியும். அவர் மேசையில் பிரிக்கப்படாமல் கிடந்த கேசட்டுகளின் கதை யாருக்கும் தெரியாது. ஒரு நாட்டின் புது இசை முழுவதும் ஒரே மனிதரின் மேசை வழியாகப் போகவேண்டியிருந்தது என்பதை நான் பொற்காலமாக நினைக்கவில்லை. அவர் நல்லவர், காது திறந்தவர். அவருக்குப் பிறகு வருகிறவரும் அப்படி இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பிட்ரேட், நீங்கள் நம்பும் பரிந்துரையும் நடுநிலையானதல்ல. ஸ்பாட்டிஃபையில் டிஸ்கவரி மோட் என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்தால் பாட்டு கூடுதலாகப் பரிந்துரைக்கப்படும், அப்படிக் கேட்கப்படுவதில் வரும் உரிமத்தொகையில் 30 சதவீதத்தை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். 2024இலிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு அந்த ஆப்பில் ஒரு காசும் கிடையாது. இங்கே நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆட்கள் பெரும்பாலும் அந்த 1,000க்குக் கீழே இருப்பவர்கள்தான்.

எனக்குத் தரவிறக்கம்தான் நேர்மையான வழியாகத் தெரிகிறது. 2008இல் வந்த பேண்ட்கேம்ப் என்ற இணையத் தளத்தில் பாட்டின் விலையை நானே வைக்கலாம், இலவசமாகவும் கொடுக்கலாம், கேட்பவர் விரும்பினால் கூடுதலாகவும் கொடுக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளத்துக்கு 15 சதவீதம் போகும். வாங்குபவர் எம்பி3, ஃபிளாக் என்று எந்தக் கோப்பு வடிவத்தில் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கோப்பு அவருடையது. தளம் நாளைக்கு மூடினாலும் பாட்டு அவர் கணினியில் இருக்கும்.

கடைசி விஷயத்தை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. மைஸ்பேஸ் தளம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகளைச் சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. கோடிக்கணக்கான பாட்டுகள். யாரோ ஆராய்ச்சிக்காக முன்பே இறக்கி வைத்திருந்த 4,90,000 கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் பிறகு பொதுவில் வைத்தது. இறக்கி வைத்திருந்ததால் மட்டுமே அவை மிஞ்சின.

பிட்ரேட்320:
அக்கா, கோப்பு கையில இருக்கணும்ங்கறது சரி. ஆனா பேண்ட்கேம்ப்ல போய் ஒரு டேக் (இசை வகைப் பேர்) தட்டினா வந்து கொட்டுது. அதுல எதைக் கேக்கறது? விலை டாலர்ல, எங்கிட்ட இருக்கற கார்டு அதுக்குச் செல்லாது. அந்தக் கம்பெனியும் 2022ல எபிக் கேம்ஸ் கைக்குப் போய், 2023ல சாங்டிரேடர் கைக்கு மாறி, ஆட்கள்ல பாதிப்பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க. அதுலயும் கம்பெனிதான் இருக்கு.

தாம்பரம்மெயில்:
பிட்ரேட், "எதைக் கேக்கறது" என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள். நான் தொகுப்பாளர் வேண்டும் என்பது அந்த இடத்துக்காகத்தான்.

மரியா டகேயுச்சி உதாரணம் இங்கே பொருந்தாது. அவர் 1984லேயே ஜப்பானில் பெரிய நட்சத்திரம். சிறு குழு ஒன்றுக்கு இயந்திரம் என்ன செய்தது என்று பார்க்க கேலக்ஸி 500 நல்ல உதாரணம். 1987 முதல் 1991 வரை இருந்த அமெரிக்கக் குழு. அவர்கள் தனி சிங்கிளாகக்கூட வெளியிடாத ஒரு பாட்டு ஸ்பாட்டிஃபையில் திடீரென்று மற்றவற்றையெல்லாம் தாண்டி ஓடத் தொடங்கியது. அதன் டிரம்மர் டேமன் க்ருகோவ்ஸ்கி காரணம் தேடியபோது, 2017 ஜனவரியில் தானாக அடுத்த பாட்டு ஓடும் வசதியை எல்லோருக்கும் இயக்கிவிட்ட நேரத்தில்தான் அந்த எழுச்சி தொடங்கியது என்று தெரிந்தது. அந்தக் குழுவின் மற்ற பாட்டுகளைவிட அந்த ஒன்றுதான் வேறு குழுக்களின் பாட்டுகளை அதிகம் ஒத்திருந்தது. அதனால் எந்தப் பாட்டுக்குப் பின்னாலும் சிக்கலில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு குழுவிடம் அதற்கே உரியதாக இருப்பதை விட்டுவிட்டு, பொதுவாக இருப்பதை இயந்திரம் தேர்கிறது. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

சுரபேதம், ஒரே மேசை என்ற உங்கள் அச்சத்துக்கு பிபிசியே 2007இல் ஒரு வழி கண்டது. பிபிசி இன்ட்ரடியூசிங். பிரிட்டனில் யாரும் தங்கள் பாட்டை ஏற்றலாம், அது அவர்கள் வட்டாரத்து பிபிசி நிலையத்துக்குப் போகும், அங்கே ஒருவர் கேட்பார். மேசைகள் பல, ஒவ்வொன்றிலும் மனிதர்.

வல்வைக்காற்று:
அதோட ஒண்டு சேர்க்கிறன். 2002இல் தொடங்கின 6 மியூசிக் நிலையத்தை மூடப்போறம் எண்டு 2010இல் பிபிசி அறிவிச்சது. நேயர்கள் விடேல்லை. கடிதம் போட்டவை, கூட்டம் கூடினவை. அந்த வருசம் ஜூலையில் பிபிசியை மேற்பார்வை செய்த பிபிசி டிரஸ்ட் மூடுற திட்டத்தை நிராகரிச்சது. ஒரு பரிந்துரைப் பட்டியலை நிப்பாட்டினால் ஆரும் அப்படித் தெருவுக்கு வரமாட்டினம்.

ஏரியாவானொலி:
சமுதாய வானொலி ஒன்றில் பல வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பிட்ரேட் முதலில் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நம் ஊரில் ஏன் அந்த மனிதர் இல்லை?

தனியார் எஃப்எம் விளம்பரத்தில் வாழ்கிறது. நேயர் நிலையத்தை மாற்றிவிடக்கூடாது, அதனால் தெரிந்த பாட்டையே போடுகிறது. சமுதாய வானொலிக்கு அந்த நெருக்கடி குறைவு. 2004இல் சென்னையில் அண்ணா எஃப்எம் தொடங்கியபோது நாட்டிலேயே முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். ஆனால் இவற்றின் அலை ஒரு ஊரைத் தாண்டாது. பொள்ளாச்சிக்கும் போய்ச் சேரவேண்டுமென்றால் பாட்காஸ்ட்தான் வழி.

அங்கே சட்டம் குறுக்கே வருகிறது. காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31டி பிரிவின்படி, ஒலிபரப்பு நிறுவனம் முன்னறிவிப்பு கொடுத்து, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டினால் வெளியான பாட்டைப் போடலாம், உரிமையாளர் மறுக்க முடியாது. இணைய ஸ்ட்ரீமிங்குக்கும் தரவிறக்கத்துக்கும் அது பொருந்தாது என்று 2019இல் டிப்ஸ் இசைக் கம்பெனிக்கும் விங்க் பாட்டு ஆப் நிறுவனத்துக்கும் இடையேயான வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே சினிமாப் பாட்டு ஒன்றைப் பாட்காஸ்ட்டில் முழுதாகப் போட இசைக் கம்பெனியிடம் தனித்தனியாக உரிமம் பேச வேண்டும். எங்களைப் போன்றவர்களால் ஆகாத காரியம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தத் தடை தனியிசைக்குச் சாதகமானது. பாட்காஸ்ட்டின் தொடக்க காலத்தில் அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. பெரிய கம்பெனிப் பாட்டைத் தொட முடியாததால் 2005 வாக்கில் பாட்காஸ்ட் செய்தவர்கள் கம்பெனி சாராத கலைஞர்களிடம் போனார்கள். பாட்காஸ்ட் முன்னோடிகளில் ஒருவரான ஆடம் கரி அதற்காகவே பாட்சேஃப் மியூசிக் நெட்வொர்க் என்று ஒரு கிடங்கைத் தொடங்கினார். கலைஞர் பாட்டை ஏற்றி அனுமதி கொடுப்பார், யாரும் தன் நிகழ்ச்சியில் போடலாம். நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலி 2009இல் ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் தொடங்கியபோது பகிர்ந்துகொள்ள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்த பாட்டுகளைத் தன் ஆட்களையும் மற்ற வானொலிக்காரர்களையும் வைத்தே தேர்ந்தெடுத்து அடுக்கியது. வானொலி, பாட்காஸ்ட், தரவிறக்கம் மூன்றையும் நீங்கள் எதிரெதிர் அணியாக வைத்துப் பேசுகிறீர்கள். அங்கே மூன்றும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன.

தமிழில் இதைச் செய்யத் தடையே இல்லை. தானே எழுதி, தானே பாடி, பதிவின் உரிமையையும் தன்னிடமே வைத்திருப்பவர் ஒரு மின்னஞ்சலில் அனுமதி தரலாம். அவர் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். வரிக்கும் மெட்டுக்குமான உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைத்திருப்பார், அங்கேயும் கேட்க வேண்டும்.

சுரபேதம்:
நான் ஐபிஆர்எஸ்ஸில் இல்லை, பதிவும் என் காசில் செய்ததுதான். நீங்கள் தொடங்கினால் என் பாட்டைத் தருகிறேன். சில நிபந்தனைகள் உண்டு. பாட்டை நடுவில் வெட்டக்கூடாது, அதன் மேல் பேசக்கூடாது. தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் பாடியவர் பெயர் மட்டுமல்ல, வாசித்தவர்கள் பெயரும் வர வேண்டும். எங்கே இறக்கிக்கொள்ளலாம் என்ற முகவரி நிகழ்ச்சிக் குறிப்பில் இருக்க வேண்டும். நம் எஃப்எம்களில் பாடலாசிரியர் பெயரே காதில் விழுவதில்லை, வயலின் வாசித்தவர் பெயரை எங்கே கேட்பது?

யார் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஒரே ஆள் நிரந்தரமாக உட்காரக்கூடாது. மாதம் ஒருவர் தேர்வு செய்யட்டும். வந்து சேர்ந்த பாட்டுகளின் முழுப் பட்டியலும் பொதுவில் இருக்கட்டும். எடுக்காததை யாராவது தேடிக் கேட்பார்கள்.

பிட்ரேட்320:
நான் ஆப்பை விடப்போறதில்ல, அதைச் சொல்லிடறேன். அதுல கிடைச்ச பாட்டு எனக்குப் பொய்யில்ல. ஆனா இந்த பாட்காஸ்ட் வந்தா கேப்பேன். ரெண்டு விஷயம்: எபிசோடு 40 நிமிஷத்துக்கு மேல வேண்டாம், நான் பஸ்ல கேக்கறவன். அக்காவோட கோப்புக்கு யூபிஐல காசு அனுப்பற வழி வையுங்க. எங்க ஊர்ல பறையும் கிடாரும் சேத்து வாசிக்கற ரெண்டு பேர் இருக்காங்க, எங்கயும் ஏத்தினதில்ல, போன்லதான் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. அதை அனுப்பலாமா?

ஏரியாவானொலி:
தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்ததை வாட்ஸ்அப் வழியாக வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடக்கூடும். மூலக் கோப்பை டிரைவில் ஏற்றி இணைப்பைத் தரட்டும். கூடவே மூன்று வரி: பாட்டு யாருடையது, யார் யார் வாசித்தது, பாட்காஸ்ட்டில் போட அனுமதிக்கிறோம் என்று. இருவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் போட்டால் போதாது. முதல் மாதம் தேர்வு செய்ய வல்வை அண்ணாவும் சுரபேதமும் சேர்ந்து வரட்டும், இருவருக்கும் ஒத்துப்போகாத பாட்டுகளையும் போடுவோம்.