71 கிலோ லெகோவை விற்க வேண்டும்: அப்படியே எடைக்குக் கொடுப்பதா, செட் செட்டாகப் பிரிப்பதா?

பழையபெட்டி:

வணக்கம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு பெட்டி லெகோ விளையாட்டுக் கட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தேன், மொத்தம் 71 கிலோ. 2001-இல் மகனுக்கு ஐந்து வயதானபோது முதல் பெட்டி வந்தது. அவன் பள்ளி முடிக்கும்வரை பிறந்தநாள், தேர்வு, காய்ச்சல் என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு வாங்கிக்கொண்டே இருந்தோம். இப்போது வேலைக்காக வெளியூரில் இருக்கிறான். “வித்துடும்மா, எனக்கு அந்த ரயிலும் டப்பாவுல இருக்கிற பொம்மைங்களும் போதும்” என்று சொல்லிவிட்டான். நாங்கள் சின்ன வீட்டுக்கு மாறப் போகிறோம். மூன்று மாதம் அவகாசம்.

இரண்டு வாரமாக உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்கிறேன். நான்கு பெட்டி முடிந்தது. சரி, ஒரு செட்டையாவது கட்டிப் பார்ப்போம் என்று 2001-இல் வாங்கிய ஒரு கோட்டையின் வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்தேன். கறுப்புப் பெட்டியில் ஒரு சின்னக் கீலைத் தேடியே ஒரு மணி நேரம் போனது. கிடைக்கவில்லை. சுவர் எழும்ப எழும்ப இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாம்பல் கட்டைகள் இரண்டு விதமாக இருக்கின்றன, சிலது மஞ்சள் கலந்தாற்போல, சிலது நீலம் கலந்தாற்போல. வெயிலில் வெளுத்துவிட்டதா? வெள்ளைக் கட்டைகளில் பல மஞ்சளித்துவிட்டன. மரநிறத் துண்டுகள் நான்கு, கழற்றும்போது கையிலேயே உடைந்தன.

போன வாரம் வாங்குவதற்காக ஒருவர் வந்தார். மொத்தத்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். ஆனால் பெட்டிகளைச் சரியாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை, பொம்மை டப்பாவை மட்டும் கையில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தார். அதைத் தர மாட்டேன் என்றதும் பேச்சை முடித்துக்கொண்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. எப்படி விற்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிக்கட்டை:

அக்கா, நிறம் பிரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். குவியலில் நிறம் தானாகக் கண்ணில் படும், வடிவம் படாது. கறுப்புக் குவியலுக்குள் கறுப்புக் கீல் மறைந்துபோகும். கீல்களையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டிருந்தால் அதில் கறுப்பு எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எப்போதும் முதலில் வடிவம், அப்புறம் தேவைப்பட்டால் நிறம். ஆனால் முடித்த நான்கு பெட்டிகளைத் திரும்பக் கலைக்க வேண்டாம். அவற்றிலிருந்து சின்ன, விசித்திரமான துண்டுகளை மட்டும் அரித்தெடுங்கள். மிச்சமுள்ள சாதாரணக் கட்டைகள் நிறவாரியாக இருந்தால் எடைக்கு வாங்குகிறவருக்கு வசதிதான்.

வந்தவர் ஏன் பொம்மை டப்பாவைப் பிடித்துக்கொண்டார் என்றால், உங்கள் 71 கிலோவின் மதிப்பில் பெரும்பகுதி அந்தச் சின்ன டப்பாவில் இருக்க வாய்ப்புண்டு. மினிஃபிகர்கள் என்று சொல்லும் இந்தச் சின்ன மனிதப் பொம்மைகள் 1978-இல் இருந்து வருகின்றன. ஏதோ ஒரே ஒரு செட்டில் மட்டும் வந்த மனிதன் என்றால், அந்தச் செட்டின் மற்ற கட்டைகள் எல்லாம் சேர்ந்து பெறுவதைவிட அவன் ஒருவன் கூடுதலாகப் பெறுவதுண்டு. ஸ்டார் வார்ஸ் வரிசையில் இதை அடிக்கடி பார்க்கலாம், அந்த வரிசை 1999-இல் தொடங்கியது, உங்கள் மகனின் வயதுக்குச் சரியாகப் பொருந்துகிறது. எடைக்கு வாங்குபவர் கட்டைக்கான விலையைச் சொல்லி பொம்மையை எடுத்துப் போகப் பார்ப்பார்.

ஆகவே முதல் வேலை, பன்னிரண்டு பெட்டியிலும் கைவிட்டு மனிதர்கள், முடி, தலைக்கவசம், துணிப் போர்வை, வாள், கைப்பிடிக் கருவிகள் எல்லாவற்றையும் தனியே எடுப்பது. ஒவ்வொரு உடலையும் வெளிச்சத்தில் பிடித்து, கை மாட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே பக்கவாட்டில் பாருங்கள். சிலவற்றில் மயிரிழை போல ஒரு கீறல் இருக்கும். அது இருந்தால் விலை பாதியாகலாம், மறைத்து விற்றால் திரும்பி வரும். மார்பில் அச்சு தேய்ந்திருக்கிறதா, கால் தொளதொளவென்று ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

மகன் கேட்டதைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கு எந்த மனிதர்கள் வேண்டும் என்று ஒருமுறை பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சாம்பல்நேசன்:

சாம்பல் விஷயத்தை நான் சொல்கிறேன். வெயில் காரணமில்லை. 2004 வாக்கில் லெகோ நிறுவனமே வெளிர்சாம்பல், அடர்சாம்பல், பழுப்பு மூன்றின் சாயலையும் மாற்றியது. நீலம் கலந்தாற்போல் தெரிவது புதியது, மஞ்சள் சாய்வது பழையது. உங்கள் மகன் விளையாடிய காலம் சரியாக அந்த மாற்றத்தின் இரண்டு பக்கமும் விழுகிறது, அதனால்தான் இரண்டும் கலந்திருக்கின்றன.

இது உங்களுக்கு உதவியும்கூட. கோட்டை 2001-இல் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் அதில் நீலச்சாம்பல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சுவரில் நுழைந்திருப்பவை வேறு செட்டைச் சேர்ந்தவை, எடுத்துவிடுங்கள். சேகரிப்பவர்கள் இதைப் படத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், கலந்து அனுப்பினால் சண்டை வரும். பிரிக்கும்போது பகலில் ஜன்னலோரம் உட்காருங்கள். மஞ்சள் விளக்குக்குக் கீழே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மரநிறம் உடைந்தது உங்கள் கைத்தவறு இல்லை, அதற்காக வருத்தப்படாதீர்கள். மாற்றத்துக்குப் பின் வந்த செம்பழுப்பும் சில அடர்சிவப்பும் எளிதில் நொறுங்கும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. கிளிப் உள்ள துண்டுகள் முதலில் போகும். கூடியிருக்கும் பழுப்பைக் கழற்றவே கழற்றாதீர்கள், அப்படியே விற்று, “செம்பழுப்பு நொறுங்கும் வகை” என்று எழுதிவிடுங்கள்.

வெள்ளை மஞ்சளாவது பிளாஸ்டிக்கின் குணம். 1963-இல் இருந்து கட்டைகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது நிறம் மாறும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் என்னுடையதில் பாதி இரண்டு வருடத்தில் மறுபடி மஞ்சளாகிவிட்டது. விற்பதற்காக அதைச் செய்ய வேண்டாம். மஞ்சளான வெள்ளையைத் தனிப் பையில் போட்டு, மஞ்சள் என்றே சொல்லி விற்பதுதான் சரி.

பழையபெட்டி:

இரண்டு பேருக்கும் நன்றி. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று பிரிந்துவிட்டது. கோட்டையில் பதினேழு தவறான சாம்பல்! கீலும் கிடைத்தது, அது தலைக்கவசங்களோடு கிடந்தது.

இன்னொரு கேள்வி. லெகோ தங்கத்தைவிட லாபம், வைத்திருந்தால் ஏறும் என்று கணவர் எங்கேயோ படித்திருக்கிறார். விற்காமல் எங்கேயாவது போட்டு வைப்பதா?

பல்சக்கரம்:

அம்மா, அந்த ஆய்வு உண்மைதான். 1987 முதல் 2015 வரையிலான செட்டுகளின் விலையைப் பார்த்து, ஆண்டுக்குச் சராசரியாகக் குறைந்தது 11 சதவீதம் ஏறியதாகச் சொன்னார்கள். ஆனால் அது பிரிக்கவே பிரிக்காத புதுச் செட்டுகளுக்கு. குழந்தை விளையாடிய கட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. செம்பழுப்பு இன்னும் நொறுங்கும், வெள்ளை இன்னும் மஞ்சளாகும். காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

விலை பார்க்க பிரிக்லிங்க் என்ற இணையதளம் போதும். 2000-இல் ரசிகர் ஒருவர் தொடங்கியது, 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. எந்தச் செட், எந்தப் பொம்மை, எந்தத் துண்டு என்றாலும் கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்கு விற்றது என்று காட்டும். விற்ற விலையை மட்டும் பாருங்கள். கேட்கிற விலையை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். ஆனால் அங்கே கடை திறந்து துண்டு துண்டாக விற்க மூன்று மாதம் போதாது, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

புத்தகம் தொலைந்த செட்டுகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அச்சிட்ட துண்டு, பெரிய வித்தியாசமான துண்டு, பொம்மையின் உடல், இவை ஒரு செட்டின் கைரேகை மாதிரி. துண்டின் அடியில் பொடி எழுத்தில் எண் இருக்கும். அகலம் இரண்டு, நீளம் நான்கு குமிழ் உள்ள சாதாரணக் கட்டை என்றால் 3001. அந்த எண்ணைப் பிரிக்லிங்கில் போட்டால் எந்தெந்தச் செட்டில் வந்தது என்று காட்டும். எண் தெரியாவிட்டால், படத்தை வைத்துத் துண்டை அடையாளம் சொல்லும் பிரிக்கோக்னைஸ் தளத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். வழிகாட்டிப் புத்தகங்களில் பலவற்றை லெகோ தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நேரம்முக்கியம்:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். வீடு மாறும் நேரத்தில் 71 கிலோவைத் துண்டு துண்டாகப் பார்ப்பது பெரிய வேலை. சாதாரண 3001 கட்டை ஒன்றின் எடை 2.3 கிராம் சொச்சம், அதைவிடச் சின்னத் துண்டுகளே பாதி இருக்கும். உங்களிடம் பல பத்தாயிரம் துண்டுகள் இருக்கின்றன. நான் என் தம்பியின் 40 கிலோவைப் பிரிக்கத் தொடங்கி எட்டு மாதம் இழுத்து, கடைசியில் பாதி பிரித்த நிலையில் குறைந்த விலைக்குக் கொடுத்தேன். நல்ல விலை சொல்லும் இன்னும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்.

கடைசிக்கட்டை:

நேரம்முக்கியம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லவில்லை. பொம்மைகள், புத்தகம் கையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பெரிய செட்டுகள், மோட்டார்கள், இவ்வளவுதான் தனி. மற்றது எடைக்கு. ஒரு செட்டில் ஐந்தாறு துண்டு குறைந்தால் தேடி வாழ்நாளைக் கழிக்காதீர்கள், குறையும் துண்டுகளின் பட்டியலோடு விற்கலாம். வாங்குகிறவர்கள் குறையை மன்னிப்பார்கள், சொல்லாத குறையை மன்னிக்க மாட்டார்கள்.

ரயில் உங்களோடு இருக்கப் போகிறது என்றாலும் சொல்லி வைக்கிறேன்: தண்டவாளத்தில் உலோகப் பட்டை ஓடுகிறதென்றால் அது 9 வோல்ட் வகை, 1991-இல் வந்தது, இப்போது தயாரிப்பதில்லை. மகன் விவரம் தெரிந்தே கேட்டிருக்கிறான்.

இன்னொன்று, போலிக் கட்டைகள். அசலில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்று பொறித்திருக்கும். எடைக்குக் கொடுக்கும் பெட்டியில் வேறு கம்பெனிக் கட்டை கிடந்தால் வாங்கியவர் கோபப்படுவது நியாயம். பார்த்து எடுத்துவிடுங்கள்.

சாம்பல்நேசன்:

கழுவப் போகிறீர்கள் என்றால்: 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டாம், துணி துவைக்கும் இயந்திரம் வேண்டாம். வலைப்பையில் போட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் துண்டு விரித்து உலர்த்துங்கள். முடி உலர்த்தும் கருவியைக் காட்டினால் வளைந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டியவை, மோட்டார், பேட்டரிப் பெட்டி எதிலும் தண்ணீர் படக் கூடாது. பேட்டரிப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள், உள்ளே பேட்டரி கசிந்திருந்தால் இன்னும் கெட்டுவிடும்.

பழையபெட்டி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பேட்டரிப் பெட்டி மூன்றில் ஒன்று கசிந்து பச்சை படிந்திருந்தது, மற்ற இரண்டும் தப்பின. பெரிய செட்டுகள் பதினொன்று தேறின. ஏழு முழுமையாக, நான்கில் சில துண்டுகள் குறைவு. குறையும் துண்டுகளின் படத்தையும் எண்ணையும் தாளில் எழுதிக் கூடவே வைத்தேன். அதைப் பார்த்தே இரண்டு பேர் பேரம் பேசாமல் வாங்கினார்கள். கோட்டை போய்விட்டது, பழைய சாம்பலோடு.

பொம்மைகளை வெள்ளைத் துணியில் வரிசையாக நிறுத்தி மகனுக்கு வீடியோவில் காட்டினேன், 214 பேர். ஒவ்வொருவராகத் தூக்கித் தூக்கிக் காட்ட, “அது போகட்டும், அது போகட்டும்” என்றான். நாம் விலையுயர்ந்தவை என்று தனியே வைத்திருந்த ஸ்டார் வார்ஸ்காரர்கள் எல்லாம் போகட்டும் என்றுவிட்டான். அவன் வைத்துக்கொண்டது ஒன்பது. அதில் ஒரு தீயணைப்பு வீரனின் தலைக்கவச ஓரத்தில் பல் தடம் இருக்கிறது, ஆறு வயதில் கடித்தது. அவனை எந்தச் செட் என்று பிரிக்லிங்கில் தேடினேன், மதிப்பு ஒன்றுமில்லை.

இப்போது மிச்சம் 46 கிலோ, எடைக்குக் கொடுக்க. போலிகளை எடுத்துவிட்டேன், மஞ்சள் வெள்ளை தனி. முதலில் வந்தவரே மறுபடி கேட்கிறார், தூரத்தில் இருந்து ஒருவர் அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார், பெட்டியில் அனுப்பச் சொல்கிறார். எதற்குச் சம்மதிப்பது?

நேரம்முக்கியம்:

46 கிலோவை அனுப்பும் செலவைக் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். நேரில் வருபவருக்கே கொடுங்கள், அவர் கண் முன்னால் எடை போட்டு, பணம் வந்த பிறகு. அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பெட்டியையும் மூடும் முன் தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையபெட்டி:

கணக்குப் போட்டேன், அப்படித்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அவரையே வரச் சொல்லிவிட்டேன்.