கனவில் விடை சொன்னவர் யார்?

கேள்வி:

கனவில் நாம் விடை தெரியாமல் திகைத்து நிற்கும்போது, அருகில் இருக்கும் ஒருவர் அதைச் சட்டென்று சொல்லிவிடுவதுண்டு; நாமும் வியந்துபோகிறோம். அவரும், அவருடைய குரலும், அவர் சொன்ன விடையும் என் மனத்திலிருந்தே வந்தவை என்றால், விடை தெரியாமல் நின்ற அந்த ‘நான்’ யார்? உணர்வும் தன்னுணர்வும் ஒன்றா, வேறா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். எல்லாம் மாயை என்ற அளவில் நின்றுவிடும் பதில்கள் எனக்குப் போதவில்லை.

மறுமொழி 1:

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில அகராதியாசிரியர் சாமுவேல் ஜான்சனுக்கும் இந்தத் திகைப்பு இருந்தது. கனவில் ஒருவரோடு சொற்போரிட்டுத் தாழ்ந்துபோனதையும், அந்த எதிராளியின் சாதுரியமும் தம்முடையதே என்பது அப்போது தமக்கு உறைக்காமல் போனதையும் அவர் சொல்லியிருக்கிறார். விழிகள் வேகமாக அசையும் உறக்கத்தில், காட்சியும் உணர்ச்சியும் சார்ந்த மூளைப் பகுதிகள் மும்முரமாக இயங்க, சரிபார்க்கவும் தன்னையே நோக்கவும் உதவும் முன்மூளைப் பகுதிகள் சில தணிந்திருக்கின்றன. ஆகவே, அங்கே உணர்வு குன்றுவதில்லை என்றும், ‘இதை நினைப்பவன் நானே’ என்று உரிமை கொள்ளும் வேலை மட்டுமே தளர்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:

உறக்கத்தில் அனுபவம் என்று ஒன்று நிகழ்ந்தது என்பதற்கு, விழித்த பிறகு சொல்லப்படும் கதையைத் தவிர வேறென்ன சான்று இருக்கிறது? 1959இல் நார்மன் மால்கம் என்ற தத்துவவாதி எழுப்பிய ஐயம் இது. அதைத் தீர்க்காமல் கனவுக்குள் ‘நான்’ யார் என்று தேடுவது அவசரம்.

மறுமொழி 3:

அந்த ஐயம் பெருமளவு தீர்ந்துவிட்டது, நண்பரே. தாம் கனவு காண்கிறோம் என்பதைக் கனவுக்குள்ளேயே அறிபவர்கள், முன்கூட்டிப் பேசிவைத்தபடி விழிகளை இடவலமாக அசைத்துச் சைகை காட்ட முடியும் என்பதை 1975இல் கீத் ஹேர்ன் என்ற பிரித்தானிய உளவியலாளர் பதிவுசெய்தார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், எட்டிலிருந்து ஆறைக் கழிக்கச் சொன்னபோது, உறங்கிக்கொண்டிருந்தவர் விழியசைவால் இரண்டு என்று விடையளித்தார். எல்லா முயற்சிகளும் பலிக்கவில்லை. சரியான விடைகள் சிறுபான்மையே. எனினும், சிலருக்கு ஆய்வாளரின் கேள்வி கனவுக் காட்சிக்குள்ளிருந்தே, காரில் ஒலிக்கும் வானொலி வழியாகக்கூட, வந்ததாம். வெளியிலிருந்து வருவதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் கனவு, உள்ளிருந்து வருவதை அயலாருடையதாக்குவதில் வியப்பென்ன?

மறுமொழி 4:

சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தை இயற்றிய மெய்கண்டார் இதைத் தொட்டிருக்கிறார். சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்பதை நிறுவ அடுக்கும் காரணங்களில் ‘ஒடுக்கம் அறிதலின்’ என்பதும் ஒன்று. ஐம்புலன்கள் ஒடுங்கிய கனவில், மனம் முதலியவற்றாலான நுண்ணுடல் இயங்கினாலும், அந்நிலையை அறிவது ஒன்று இருப்பதால், உயிர் நுண்ணுடலுக்கு வேறானது என்பது அதன் பொருள். உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது அதே நூற்பாவின் ‘உணர்த்த உணர்தலின்’ என்னும் தொடர். உயிர் தானே எல்லாவற்றையும் அறிவதன்று, அறிவிக்கவே அறிவது. உணர்த்துவது இறை என்பது சைவ சித்தாந்தம். அதை ஏற்காதவரும், அறியும் ‘நான்’ தன் அறிவு முழுவதற்கும் உடைமையாளன் அல்லன் என்ற பாதியை ஏற்கலாம்.

கேள்வி கேட்டவர்:

நன்றி ஐயா, அந்தப் பாதி எனக்குப் போதும். ஆனால், இது கனவு என்று அறிந்துவிட்டால் அந்த ‘நான்’ விரிவடைந்து, மற்றவர் சொல்லப்போவதும் முன்பே தெரிந்துவிடுமா?

மறுமொழி 3-ஐ எழுதியவர்:

தெரியாது என்றே தோன்றுகிறது. பவுல் தோலை என்ற ஜெர்மன் உளவியலாளர், கனவென்று அறிந்து கனவு காண்பவர்களைக் கொண்டு, கனவில் வரும் மனிதர்களிடமே கணக்குப் போடச் சொன்னார். அவர்களில் சிலர் எதுகையோடு கவிதை சொன்னாலும், கணக்கில் பெரும்பாலும் தடுமாறினார்கள். கனவு காண்பவர் விடையை அறிந்திருந்தும் எதிரில் நிற்பவர் தவறினார் என்றால், உங்கள் கனவில் நிகழ்ந்ததன் மறுபக்கம் அது.