கற்றாழை, அதிமதுரக் களிம்பு பத்து நாளில் பூசணம் பிடிக்கிறது: எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். என் மகளின் வறண்ட சருமத்திற்காக வீட்டில் செய்யத் தொடங்கிய களிம்பை இப்போது அக்கம்பக்கத்தாரும் கேட்கிறார்கள். அதிமதுரக் கஷாயத்துடன் புதிதாக வழித்த கற்றாழைச் சோற்றைச் சேர்த்து, தேங்காய் எண்ணெயில் உருக்கிய தேன்மெழுகோடு அடித்துக் கலக்குகிறேன். கெடாமல் இருக்க வைட்டமின் ஈ கேப்சூல் இரண்டை உடைத்து ஊற்றுகிறேன். முதல் வாரம் வெண்ணெய் போல் இருக்கிறது. ஒன்பதாம் நாள் டப்பாவின் அடியில் பழுப்பு நீர் தேங்குகிறது, பத்தாம் நாள் மூடியின் உட்புறத்தில் கரும்பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. ரசாயனம் சேர்க்காமல் இதை மூன்று மாதமாவது வைத்திருக்க வழி உண்டா? விற்பனைக்கும் கொடுக்கலாமா?

பதில் 1:
அம்மா, முதலில் அந்த டப்பாவை அப்படியே எறிந்துவிடுங்கள். புள்ளிகளை மட்டும் வழித்துவிட்டு மீதியைக் குழந்தைக்குப் பூசவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் முன்பே பூசணம் உள்ளே பரவியிருக்கும்.

அழகுசாதனப் பொருள் தயாரிப்பில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே இரண்டு தவறுகள் உள்ளன. தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்குமே தவிர, தனியாக நீரைப் பிடித்து வைக்காது. அதற்கு எமல்சிஃபையிங் வேக்ஸ் போன்ற ஒன்று வேண்டும், நீர்ப்பகுதியையும் எண்ணெய்ப்பகுதியையும் தனித்தனியே 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிய பிறகே கலக்க வேண்டும். அடுத்தது வைட்டமின் ஈ. அது எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்தும், கிருமியையோ பூசணத்தையோ தடுக்காது. கஷாயமும் கற்றாழையும் கிருமிகளுக்கு நல்ல உணவு என்பதால், நீர் உள்ள களிம்பில் கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவைத் தவிர்க்க முடியாது. சோடியம் பென்சோயேட் போன்றவை அமிலத்தன்மை உள்ள கலவையில்தான் வேலை செய்யும் என்பதால், அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் 5 அல்லது அதற்குக் கீழ் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதில் 2:
முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆனால் நீரே இல்லாமல் செய்யும் வழியும் இருக்கிறது, நம் மரபில் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றினார்கள். தைல பாகத்தில், அதாவது மூலிகையை எண்ணெயில் காய்ச்சும் முறையில், கல்கம் (அரைத்த மூலிகை விழுது) ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, திரவம் பதினாறு பங்கு என்பது பொது விதி. அதிமதுரத்தை விழுதாக அரைத்துக் கல்கமாகவும், கற்றாழைச் சாற்றைத் திரவமாகவும் சேர்த்து, நீர் முழுவதும் சுண்டும்வரை மெல்லிய தீயில் காய்ச்சுங்கள். கல்கத்தை விரலிடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அதை நெருப்பில் காட்டும்போது படபடவென்று வெடித்தால் நீர் இன்னும் இருக்கிறது என்று பொருள். எண்ணெயில் காய்ச்சினால் பாகம் முடியும் தறுவாயில் நுரை எழும், நெய்யில் காய்ச்சினால் நுரை அடங்கும். வடிகட்டிய தைலம் ஐந்து பங்குக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து உருக்கி ஆறவிட்டால் உங்கள் களிம்பு தயார். ஈரக்கை படாமல் எடுக்க வேண்டும்.

கிரீம் போலவே வேண்டும் என்றால் சததௌத கிருதம் இருக்கிறது. செப்புப் பாத்திரத்தில் நெய்யையும் தண்ணீரையும் சேர்த்துத் தேய்த்து, நீரை வடித்து, மீண்டும் புதுநீர் ஊற்றி நூறு முறை கழுவுவார்கள். பொறுமை இருந்தால் செய்து பாருங்கள். மஞ்சள் நெய் மெல்ல மெல்ல வெளுத்து, நெய்வாடை குறைந்து, விரலில் பஞ்சு போல் வழியும். அதனுள்ளும் நீர் தங்கியிருப்பதால் சிறிதளவே செய்து விரைவில் தீர்த்துவிட வேண்டும்.

பதில் 3:
விற்பனை பற்றி மட்டும் சொல்கிறேன். அழகுசாதனப் பொருளாக விற்பதற்கு 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் தேவை. ஆயுர்வேத மருந்தாக விற்பதற்கான உரிமம் வேறு. வறட்சியைக் குறைக்கும் என்று எழுதுவதற்கும் படை குணமாகும் என்று எழுதுவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. வீட்டுச் சமையலறையில் செய்ததைப் பணத்திற்குக் கொடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. டப்பாவை எறிந்துவிட்டேன். நேற்று அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் தைல பாகம் செய்து பார்த்தேன். முதலில் காட்டிய திரி படபடத்தது. மேலும் முக்கால் மணி நேரம் காய்ச்சிய பிறகே சத்தமில்லாமல் எரிந்தது. களிம்பை என் முன்கையில் பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தாரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.