கம்பன் சொன்ன கோசலமும் தாமஸ் மோரின் தீவும்

கேள்வி (காரைக்குடி):
1516இல் வெளியான தாமஸ் மோரின் 'உடோப்பியா'வை இப்போதுதான் முடித்தேன். அதில் அவர் கற்பனை செய்த தீவு நாட்டில் தனிச்சொத்து கிடையாது, நாளுக்கு ஆறு மணி நேரம்தான் வேலை, ஆனால் அங்கேயும் அடிமைகள் இருக்கிறார்கள், அதுதான் மனதை உறுத்துகிறது. நம்மிடம் இப்படி ஒரு கனவு உண்டா?

நாட்டரசன்கோட்டைக்காரன்:
உண்டு அண்ணே. இங்கே கம்பன் சமாதி மண்ணை எடுத்துக் குழந்தைகள் நாக்கில் வைப்போம், என் மகளுக்கும் வைத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். அந்தக் கம்பன் கோசலத்தைப் பற்றி 'வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்' என்கிறான். வாங்குவதற்கு ஏழையே இல்லாததால் கொடைக்கு வேலையில்லை. கொடுப்பவனைப் புகழ்ந்தே பழகிய நமக்கு இது எவ்வளவு பெரிய யோசனை!

தேவகோட்டை ஆச்சி:
சரிதான் தம்பி, ஆனால் கோசலத்திலும் மேலே ஒரு ராஜா இருக்கிறாரே? எனக்கு வள்ளலார்தான். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார், சாதி பார்க்காமல் சோறு, அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நான் போனபோது பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
ஆச்சி, அந்த அடுப்பைப் பார்க்க அடுத்த வாரமே கிளம்புகிறேன். அப்புறம் நாட்டரசன்கோட்டைக்கும் வருகிறேன்.