'இருங்க'ன்னு சொன்னது எனக்கு 'போங்க'ன்னு கேட்டுச்சு: ஜப்பானீஸ் சின்ன த்சு பத்தி ஒரு சந்தேகம்

என்4_முடிச்சவன்:
ஜப்பானீஸ் மொழித் தேர்வுல என்3 லெவலுக்கு படிச்சிட்டிருக்கேன், வேலை நாகோயா பக்கம் ஒரு குடோன்ல. போன வாரம் சூப்பர்வைசர் 'இத்தெ குதசாய்'னாரு, நான் சரின்னு அடுத்த செக்‌ஷனுக்கு நடந்து போயிட்டேன், அப்புறம் பார்த்தா அவரு சொன்னது 'இங்கயே இருங்க'வாம், எனக்கு விழுந்தது 'போங்க', ரெண்டுமே என் காதுக்கு இத்தெதான். ஒபசன்னா அத்தை, ஒபாசன்னா பாட்டி, அதெல்லாம் முதல் கிளாஸ்லயே புடிச்சிட்டேன். குறில் நெடில் ஒற்று எல்லாம் இருக்கிற மொழில பொறந்துட்டு அடுத்த மெய்யை இரட்டிக்கிற இந்த குட்டி எழுத்து, 'போங்க'ல வர்ற சின்ன த்சு, மட்டும் ஏன் காதுல விழ மாட்டேங்குது?

ஒசாகா_அக்கா:
தம்பி, நீங்க எழுதினதையே பாருங்க, ரெண்டையும் 'இத்தெ'ன்னுதான் எழுதியிருக்கீங்க, வேற மாதிரி எழுதவும் வழியில்ல, ஒத்தை த போட்டா 'இது'ல வர்ற மாதிரி மெத்துனு ஆயிடும். தமிழ்ல ரெண்டு உயிருக்கு நடுவுல வல்லினம் அழுத்தமா கேட்டா அது இரட்டிச்சிருக்குன்னு அர்த்தம், பதி – பத்தி, படு – பட்டு. அதனால நம்ம காது நீளத்தை அளக்கறதே இல்ல, அழுத்தத்தை வச்சே முடிவு பண்ணிடுது. ஜப்பானீஸ்ல ஒத்தை த-வும் அழுத்தம்தான், அதான் உங்களுக்கு எல்லாமே இரட்டையா கேட்குது.

மாத்திரை_கணக்கு:
அக்கா சொன்னது ரொம்ப சரி. இன்னொண்ணு, நம்ம இலக்கணத்துல மெய்க்கு அரை மாத்திரைதான், அங்க சின்ன த்சுவுக்கும் ன்-னுக்கும் ஒரு முழு மோரா, அதாவது அவங்க கணக்குல ஒரு தட்டு நேரம். நிப்பொன் நமக்கு ரெண்டு அசை, அவங்களுக்கு நி, ப், பொ, ன்னு நாலு. டோக்கியோவும் தொ, ஒ, க்யொ, ஒன்னு நாலு. ஹைக்கூல 5-7-5ன்னு எண்றது இந்த மோராவைத்தான். தொடைல விரலால தட்டிக்கிட்டே சொல்லுங்க, 'இருங்க'வுக்கு ரெண்டு தட்டு, 'போங்க'வுக்கு மூணு. நெடில் வந்துடுச்சுன்னும் விட்டுடாதீங்க, வார்த்தை கடைசில வர்றது நழுவும், நாம பேச்சுல 'அம்மா'வோட கடைசி ஆ-வையே சுருக்கிடுறோமே.

ஒசாகா_அக்கா:
ப்ராட்னு குரலைப் படமா காட்டுற ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ரெண்டு வார்த்தையையும் போட்டுப் பாருங்க, த-வுக்கு முன்னாடி சத்தமே இல்லாத ஒரு இடைவெளி தெரியும், சின்ன த்சு வந்தா அது ரெண்டு மடங்குக்கு மேல போகும். காதுக்கு அந்த மௌனத்தைத்தான் பழக்கணும். ஆனா 'சஷ்ஷி' (பத்திரிகை) மாதிரி வார்த்தைல மௌனம் கிடையாது, ஷ்-தான் நீளும். ஒரே சென்செய் (வாத்தியார்) குரலையே கேட்காம நாலஞ்சு பேர் பேசறதை வேகமாவும் மெதுவாவும் கேளுங்க, வேகம் கூடினா எல்லாமே சேர்ந்து சுருங்கும், அதனால பக்கத்து உயிரோட ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

என்4_முடிச்சவன்:
இப்பதான் போன்ல ரெக்கார்ட் பண்ணேன். 'வா'வும் 'ஸ்டாம்ப்'பும், கித்தெ கித்தென்னு ரெண்டும் ஒரே நீளம் அக்கா. அப்ப நான் சொல்றதும் தப்பு. ஒத்தையை எப்படிதான் சொல்றது?

ஒசாகா_அக்கா:
'காதல்'னு சொல்றப்ப நாக்கு பல்லைத் தொட்டுட்டு உடனே விட்டுடும்ல, அதே வேகத்துல தொடுங்க, ஆனா அந்த இடத்துல தொண்டை அதிரக்கூடாது. கழுத்துல விரலை வச்சுப் பாருங்க, தெரியும்.